நடிகரின் குரல் நடிகரிடமே இருக்கட்டும்

நடுவர் ஐயா அவர்களே, இரு அணியிலும் அமர்ந்திருக்கும் நண்பர்களே, டர்பனிலிருந்தும் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் வெருலத்திலிருந்தும் தொங்காட்டிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

உலகப் படங்களை நம் பிள்ளைகள் சுவைக்கச் சிறந்த வழி, திரையின் கீழே வரியாக ஓடும் சப்டைட்டிலா, குரலையே மாற்றிப் பேசும் டப்பிங்கா என்பது இன்றைய தலைப்பு. சப்டைட்டிலே என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவி அம்மையார் எங்கள் மேல் மூன்று குற்றம் சாட்டினார். வரியைப் படிக்கும் கண் படத்தைத் தவறவிடுகிறது என்பது ஒன்று. முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் அந்த வரி எட்டாது என்பது இரண்டு. தமிழில் டப்பிங் செய்தால், இந்தத் தென்னாப்பிரிக்காவில் வீட்டுப் பேச்சிலிருந்து விலகிப் போய்க்கொண்டிருக்கும் தமிழ் பிள்ளைகளின் காதிலாவது விழும் என்பது மூன்று. மூன்றாவதற்கு அரங்கம் கைதட்டியபோது நானும் தட்டினேன். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அந்த ஆசையை நிறைவேற்ற அவர் தேர்ந்தெடுத்த வழி தவறு என்பதை அவையின் முன் வைக்கவே எழுந்திருக்கிறேன்.

முதலில், டப்பிங் எதை எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்போம். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி 1987இல் ‘நண்பனின் வீடு எங்கே?’ என்று ஒரு படம் எடுத்தார். கோக்கர் என்ற மலைக் கிராமத்துச் சிறுவன் அஹ்மத், பக்கத்தில் உட்காரும் மாணவனின் நோட்டைத் தவறுதலாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறான். அடுத்த முறை நோட்டில் வீட்டுப்பாடம் எழுதி வராவிட்டால் அந்த மாணவனைப் பள்ளியை விட்டே நீக்கிவிடுவேன் என்று ஆசிரியர் எச்சரித்திருக்கிறார். சிறுவன் தாயிடம் விஷயத்தைச் சொல்கிறான். தாய்க்குக் கை நிறைய வேலை. போய்ப் பாடத்தை எழுது என்கிறாள். மறுபடியும் சொல்கிறான், வேறொரு வேலையை ஏவுகிறாள். அந்தக் காட்சியில் அவன் ஏறக்குறைய ஒரே செய்தியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறான். மாறுவது அவன் குரல் மட்டுமே. முதலில் தகவலாக வருவது, பிறகு வேண்டுகோளாகி, பிறகு அழுகைக்கு ஓரடி முன்னால் நின்று நடுங்குகிறது. அவன் பயிற்சி பெற்ற நடிகன் அல்லன், அந்தப் பகுதிக் கிராமத்துப் பையன். அந்த நடுக்கத்தை நீக்கிவிட்டு, ஒலிப்பதிவுக் கூடத்தில் காதில் கருவி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்துப் பார்த்துப் பேசும் இன்னொருவரின் குரலை ஒட்டினால், மிஞ்சுவது கதைச் சுருக்கம்தான். அதை யாராவது நமக்கு வாயால் சொல்லிவிடலாமே, படம் எதற்கு?

இன்னொரு படத்தையும் சொல்கிறேன். அகிரா குரோசாவாவின் ‘இகிரு’, 1952. முப்பது ஆண்டுகள் கோப்புகளில் முத்திரை குத்தியே வாழ்நாளைக் கழித்த ஒரு நகராட்சி அதிகாரி, தமக்கு வயிற்றுப் புற்றுநோய் என்று அறிகிறார். ஒரு கேளிக்கை விடுதியில் பழைய காதல் பாட்டொன்றைக் கேட்டு வாங்கி, உதடு அசைகிறதா இல்லையா என்று தெரியாத அளவில், மிக மெல்லிய குரலில் பாடத் தொடங்குகிறார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிடுகிறார்கள். படத்தின் இறுதியில், தாம் போராடி அமைத்த சிறுவர் பூங்காவின் ஊஞ்சலில், பனி கொட்டும்போது அதே பாட்டை மறுபடியும் பாடுகிறார். முதல் தடவை அழுகை, இரண்டாம் தடவை நிறைவு. தகாஷி ஷிமுரா என்ற நடிகர் இரண்டையும் வேறுபடுத்தியது முகத்தால் மட்டுமன்று, மூச்சாலும்தான். அந்த மூச்சை எந்த ஒலிக்கூடத்தில் டப்பிங் செய்வது? அம்மையார் தம் அடுத்த சுற்றில் விளக்கினால் கேட்டுக்கொள்வேன்.

டப்பிங் செய்பவர்களை நான் குறைத்துப் பேசவில்லை, நடுவர் ஐயா. அது அருமையான தொழில். ஆனால் அதன் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன. ப, ம ஆகிய ஒலிகள் இதழ் இயைந்து பிறக்கும் என்று தொல்காப்பியம் சொல்லியிருக்கிறது. திரையில் நடிகரின் முகம் அருகில் தெரியும்போது அவர் உதடு மூடும் இடத்தில் நம் மொழியிலும் உதடு மூடும் ஒலி வந்தாக வேண்டும். இல்லையென்றால் பார்ப்பவர் சிரித்துவிடுவார். ஆகவே வசனம் எழுதுபவர் பொருளுக்குப் பொருத்தமான சொல்லை விட்டுவிட்டு, வாய்க்குப் பொருத்தமான சொல்லைத் தேடுகிறார். சப்டைட்டில் எழுதுபவருக்கும் நெருக்கடி உண்டு: இரண்டு வரி, வரிக்கு ஏறத்தாழ நாற்பது எழுத்து, ஆறேழு வினாடி. அவரும் சுருக்குவார், சில நேரம் பிழையும் விடுவார். ஆனால் அவர் பிழை விடும்போது மூலக் குரல் பக்கத்திலேயே நின்று சாட்சி சொல்கிறது. நம் ஊர்த் திரையரங்கில் ஜூலு படம் ஓடும்போது, வரி தோன்றுவதற்கு முன்பே ஜூலு அறிந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். வரி எதையோ விழுங்கிவிட்டது என்று நமக்கு அப்போதே தெரிந்துவிடும்.

சாட்சியே இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? 1941இல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஸ்பெயின், வெளிநாட்டுப் படங்கள் எல்லாம் ஸ்பானியக் குரலில்தான் ஓட வேண்டும் என்று ஆணையிட்டது. 1953இல் வந்த ‘மொகாம்போ’ என்ற அமெரிக்கப் படத்தில், ஆப்பிரிக்காவுக்கு வந்த ஒரு மணமான பெண் வேறொருவனிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். தணிக்கையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. அதனால் கணவனையும் மனைவியையும் டப்பிங்கில் அண்ணன் தங்கையாக்கிவிட்டார்கள்! ஒழுக்கத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள், திரையில் அந்த இருவரும் ஒருவரோடொருவர் பழகும் விதத்தைப் பார்த்து மக்கள் வேறு என்ன நினைப்பார்கள் என்பதை நினைக்க மறந்தார்கள். மேற்கு ஜெர்மனியில் 1952இல் ‘காசாபிளாங்கா’ ஓடியபோது நாஜிகளே இல்லாத கதையாக அது மாற்றப்பட்டிருந்தது. பல காட்சிகள் வெட்டப்பட்டன, எஞ்சியவற்றைப் புதிய வசனம் மூடிமறைத்தது. தணிக்கையும் நிறவெறிப் பிரிவினையும் என்னென்ன செய்யும் என்பதை வாழ்ந்து அறிந்த இந்த அவைக்கு, ஒருவர் வாயில் இன்னொருவர் பேச்சைத் திணிக்கும் அதிகாரம் எவ்வளவு ஆபத்தானது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, கண்ணைப் பற்றிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். வரி படிக்கும் பழக்கம் நமக்கு இல்லை என்று அம்மையார் எந்த நாட்டை மனத்தில் வைத்துச் சொன்னார் என்று தெரியவில்லை. இது தென்னாப்பிரிக்கா. மாலையானால் தொலைக்காட்சியில் ‘ஜெனரேஷன்ஸ்’ போன்ற தொடர்களில் ஒருவர் ஜூலுவில் கேட்பார், மற்றவர் சோத்தோவில் பதில் சொல்வார், மூன்றாமவர் ஆங்கிலத்தில் திட்டுவார், கீழே ஆங்கில வரி ஓடிக்கொண்டிருக்கும். ‘செவெண்டெ லான்’ என்ற ஆஃப்ரிகான்ஸ் தொடரும் அப்படியே ஓடியது. அவற்றைப் பார்க்க உட்கார்ந்த நம் வீட்டு ஆயாக்கள் யாரும் கண் தடுமாறிப் பாதியில் எழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. யார் யாரோடு ஓடிப் போனார் என்பதை மறுநாள் காலை வேலிக்கு அப்பால் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர்கள் தவறாமல் விளக்கினார்கள். இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறேன், யாரும் மனம் வருந்த வேண்டாம். சென்னையிலிருந்து வரும் தமிழ்ப் படத்தையே நம் இளைஞர்களில் பெரும்பாலோர் ஆங்கில வரியைப் படித்துத்தானே பார்க்கிறார்கள்? அப்படியிருக்க, ஈரானியப் படத்துக்கும் கொரியப் படத்துக்கும் மட்டும் அந்த வரி ஏன் திடீரென்று சுமையாகிறது?

நம் நாட்டில் டப்பிங்கும் ஒரு காலம் ஆண்டது என்பதை மறைக்க மாட்டேன். 1976இல் தொலைக்காட்சி வந்தபின், வெளிநாட்டுத் தொடர்களை ஆஃப்ரிகான்ஸ் குரலில் ஒளிபரப்பினார்கள். ஜெர்மானியத் துப்பறியும் அதிகாரி டெரிக்கும் ஆஃப்ரிகான்ஸ் பேசினார், மயாமி நகரத்துக் காவலர்களும் பேசினார்கள். பிறகு 1986இல் ரேடியோ 2000 என்ற வானொலி தொடங்கியது. படம் தொலைக்காட்சியில் ஓடும் அதே நேரத்தில் மூலக் குரல் வானொலியில் வந்தது. என்ன ஆயிற்று? ஏராளமான வீடுகளில் தொலைக்காட்சியின் ஒலியை அடக்கிவிட்டு, வானொலிப் பெட்டியைத் தூக்கி வந்து அதன் அருகில் வைத்தார்கள். ஒரு நடிகரின் சொந்தக் குரலைக் கேட்பதற்காக இரண்டு பெட்டிகளை ஒரே நேரத்தில் இயக்கிய மக்களிடம் வந்து, மாற்றுக் குரலே இயல்பானது என்று வாதாடுவது துணிச்சல்தான்.

சின்னஞ்சிறு குழந்தைகளைப் பற்றி அம்மையார் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். சப்டைட்டிலே வழக்கமாக உள்ள நெதர்லாந்திலும் சுவீடனிலும்கூடப் படிக்கத் தெரியாத குழந்தைகளுக்கான படங்களை டப்பிங் செய்கிறார்கள். செய்யட்டும். எழுத்துக்கூட்டத் தொடங்கிய பிள்ளைக்கு அந்தச் சலுகை வேண்டாம்.

எதிரணியின் இளைய தம்பி ஒரு நல்ல அம்பை எய்தார்: இத்தாலியப் படங்களில் பலவற்றுக்குப் படப்பிடிப்புக்குப் பிறகுதானே குரல் சேர்த்தார்கள், அவற்றை உலகம் கொண்டாடவில்லையா என்று கேட்டார். உண்மை, தம்பி. ஆனால் அந்தக் குரலைத் தேர்ந்தவர் அந்தப் படத்தின் இயக்குநர். சேர்த்தது அந்தக் கதையின் சொந்த மொழியில். அயல்நாட்டு விநியோகஸ்தர் தம் சந்தைக்காகச் செய்யும் மாற்றமும் அதுவும் ஒன்றல்ல. ஆப்பிரிக்காவிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் 1966இல் எடுத்த ‘கறுப்புப் பெண்’ படத்தில், பிரான்சுக்கு வீட்டு வேலைக்குப் போன டியுவானாவின் மனக்குரல் பிரெஞ்சில், வேறொரு நடிகையின் குரலில் ஒலிக்கிறது. இரண்டே ஆண்டுகளில், 1968இல், ‘மந்தாபி’ என்ற படத்தை அவர் தம் நாட்டு வொலோஃப் மொழியில் எடுத்தார். பிரெஞ்சு நிதிக்காகப் பிரெஞ்சுப் பதிப்பொன்றும் தயாராக வேண்டியிருந்தது. ஆனால் இன்று உலகம் தேடிப் பார்ப்பது வொலோஃப் பதிப்பையே. தம் மக்கள் தம் வாயால் பேச வேண்டும் என்று அந்தப் படைப்பாளியே முடிவு செய்தபின், அதை மாற்ற நாம் யார்?

தமிழை வளர்க்கும் கேள்விக்கு வருகிறேன். நம் நாட்டில் 2005இல் ‘ஊ-கார்மென் ஏகயெலிட்ஷா’ என்ற படம் வந்தது. பிசே என்பவரின் பிரெஞ்சு இசைநாடகத்தை, கேப் டவுனின் கயெலிட்ஷா குடியிருப்பில், கோசா மொழியில், அந்த மண்ணின் பாடகர்களையே பாடவைத்து எடுத்தார்கள். பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. கோசாவை வளர்க்க விரும்பியவர்கள் பிரெஞ்சுப் பாடகியின் வாயில் கோசாவை ஒட்டவில்லை. புதிய உடலும் புதிய குரலும் கொடுத்துக் கதையைத் தமதாக்கினார்கள். தமிழுக்கும் நாம் அதைச் செய்வோம். சாட்ஸ்வொர்த்தின் தமிழில், இந்த ஊர்க் கதையை எடுப்போம். அதை விட்டு, வேறெங்கோ ஒரு கூடத்தில் வேறொரு சந்தைக்காகப் பேசப்பட்ட டப்பிங் தமிழ், நம் ஆயாவின் தமிழை எப்படிக் காப்பாற்றும்?

இன்னொன்று. பிறமொழிப் படம் என்றதும் நாம் தூரத்தையே பார்க்கிறோம். 2004இல் வந்த ‘யெஸ்டர்டே’ நம் குவாசூலு-நட்டாலின் கதை. ஜூலு மொழியில் எடுக்கப்பட்டு, ஆஸ்கரின் வெளிநாட்டு மொழிப் படப் பிரிவில் இறுதிப் பட்டியல் வரை சென்றது. எய்ட்ஸ் கிருமி தொற்றிய ஒரு கிராமத்துத் தாய், மகள் பள்ளிக்குப் போகும் நாள் வரையிலாவது உயிரோடு இருக்க வேண்டும் என்று உறுதி கொள்கிறாள். லெலெட்டி குமாலோவின் அந்தக் குரல், நாம் பேருந்திலும் கடைவீதியிலும் நாள்தோறும் கேட்கும் குரல். மறு ஆண்டு வந்த ‘த்சோட்சி’ அந்த ஆஸ்கரையே வென்றது. ஜோஹனஸ்பர்க் குடியிருப்புகளின் கலப்புப் பேச்சுதான் அதன் உயிர். அண்டை வீட்டுக்காரரின் குரலையும் மாற்றித்தான் கேட்போம் என்றால், அவரோடு ஒரே ஊரில் இத்தனை தலைமுறை வாழ்ந்ததற்கு என்ன பொருள்?

கடைசியாக, எதிரணிக்கு ஒரு கேள்வி. 2015இல் கான் விழாவின் உயர்ந்த விருதான தங்கப் பனை ‘தீபன்’ படத்துக்குக் கிடைத்தது. இயக்கியவர் தமிழ் அறியாத பிரெஞ்சுக்காரர் ஜாக் ஓதியார். நடித்தவர்கள் எழுத்தாளர் ஷோபாசக்தியும் காளீஸ்வரி ஸ்ரீனிவாசனும். இலங்கைப் போரிலிருந்து தப்பிய ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி, ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லாத மூவர், இறந்துபோனவர்களின் கடவுச்சீட்டில் குடும்பமாக நடித்துப் பிரான்சுக்குப் போகிறார்கள். தமக்குள் தமிழ் பேசுகிறார்கள். வெளியே பிரெஞ்சு சூழ்ந்திருக்கிறது. சிறுமி பள்ளியில் அந்த மொழியைப் பிடித்துக்கொள்ள, பெரியவர்கள் திணறுகிறார்கள். அந்த இடைவெளிதான் கதை. கான் அரங்கில் அமர்ந்திருந்த உலகம், கீழே ஓடிய வரியைப் படித்துக்கொண்டு, காதால் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டது. எதிரணியின் நெறிப்படி அந்தத் தமிழைப் பிரெஞ்சாக்கியிருந்தால், அந்தக் குடும்பத்துக்குப் புரியாத மொழி என்று எதுவுமே இருந்திருக்காது, படமும் இருந்திருக்காது. சரி, நம் பிள்ளைகளுக்காக இதை டப்பிங் செய்யுங்கள், அம்மையாரே: தமிழை ஆங்கிலமாக்குவீர்களா, பிரெஞ்சைத் தமிழாக்குவீர்களா, இரண்டையும் ஒன்றாக்கிவிடுவீர்களா? மூன்றில் எது என்று அடுத்த சுற்றில் சொல்லுங்கள். மணி அடித்துவிட்டது, நடுவர் ஐயா. அவர்களுக்கு வழி விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.