"உங்க வீக்னஸ் என்ன?"ன்னு கேட்டா உண்மையைச் சொல்லலாமா?

அம்பத்தூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "சார், எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது. ஹெச்.ஆர். ரவுண்டுல வீக்னஸ் கேட்டா அதையே சொல்லிடவா, இல்ல பர்ஃபெக்‌ஷனிஸ்ட்னு சொல்லிச் சமாளிக்கவா?" ரெண்டு நாளா மனசுல ஓடிட்டே இருக்கு இந்தக் கேள்வி.

பர்ஃபெக்‌ஷனிஸ்ட் வேண்டவே வேண்டாம் தம்பி. நம்ம வீடியோ தொடர்ந்து பாக்குறவங்களுக்குத் தெரியும், ரெண்டாவது கேள்விக்குத் தயாராகுங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். "அதனால கடைசியா எப்ப சிக்கல் வந்துச்சு?"ன்னு அடுத்து கேப்பாங்க. மனப்பாடம் பண்ணினவங்க முழிக்கிறது அங்கதான்.

வாய்ஸ் ப்ராசஸ்னா, அதாவது கஸ்டமர்கிட்ட போன்ல பேசுற வேலைன்னா, இங்கிலீஷ்தான் வேலையே. அதுக்கு முதல்ல பேச்சைத் தேத்திக்கிட்டுப் போங்க, இல்லைன்னா நான்-வாய்ஸ் பாருங்க. சிறுசேரியில டெஸ்டிங், ஸ்ரீபெரும்புதூர்ல ப்ரொடக்‌ஷன்னா தாராளமா சொல்லலாம். ஆனா "இங்கிலீஷ் வராது"ன்னு மொத்தமா சொல்லாம, அளந்து சொல்லுங்க. "மெயில் நல்லா எழுதுவேன். எதிர்ல வேகமா பேசினா திணறுவேன். ப்ராஜெக்ட் ரிவ்யூல கேள்வியே புரியாம பதில் சொல்லிட்டேன். இப்பல்லாம் புரியலைன்னா திருப்பிக் கேட்டுடுவேன், பேசி முடிச்சதும் பேசினதை மெயில்ல போட்டு உறுதி பண்ணிக்குவேன்." அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட ஆகாது. குறை என்ன, எங்க இடிச்சுது, இப்ப என்ன பண்றீங்க, மூணும் வந்துடுச்சு பாருங்க. கடைசியில "இம்ப்ரூவ் பண்ணிக்கிட்டிருக்கேன்"னு மொட்டையா விட்டா நிக்காது. எப்படின்னு கேப்பாங்க, அதுவும் ரெண்டாவது கேள்விதான்.

இதைவிட எனக்குக் கவலை, யாருமே கேக்காத ஒண்ணு. படிப்பு முடிச்சு ரெண்டு வருஷம் கேப் இருந்தா, கன்சல்டன்சில காசு கட்டி பொய் எக்ஸ்பீரியன்ஸ் வாங்கிப் போடுறாங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல பி.எஃப். யூ.ஏ.என். கேப்பாங்க, உங்க பி.எஃப். கணக்குக்கான 12 இலக்க நம்பர் அது. அதோட சர்வீஸ் ஹிஸ்டரியில எந்தக் கம்பெனி, என்னைக்குச் சேர்ந்தீங்க, என்னைக்கு விலகினீங்க எல்லாம் இருக்கும். ரெஸ்யூமேல இருக்கிற கம்பெனி அதுல இல்லைன்னா விளக்கம் கேப்பாங்க. சேர்ந்து மூணு மாசம் கழிச்சுத் தெரிஞ்சாக்கூட அனுப்பிடுவாங்க. "வீட்டுச் சூழ்நிலை, அப்பா கடையைப் பாத்துக்கிட்டேன், கூடவே எஸ்.க்யூ.எல். படிச்சேன்"னு நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. எஸ்.க்யூ.எல்.னா டேட்டாபேஸ்ல இருந்து தகவல் எடுக்குற மொழி, அதுல என்ன க்வெரி எழுதினீங்கன்னு கேப்பாங்க, டேபிள்களைச் சேர்க்குற ஜாயின் ரெண்டு எழுதிக் காட்டத் தெரிஞ்சிருக்கணும்.

அரியரும் அப்படித்தான். எந்த மாசம், எந்த வருஷம் பாஸ் பண்ணீங்கன்னு மார்க் ஷீட்லயே இருக்கு. அவங்க அதைப் புரட்டிப் பாக்குறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க.