லெட்ஜரத் தூக்கிட்டு டீ குடிக்கப் போனவர்

நேயர்களுக்கு வணக்கம். கம்ப்யூட்டர்ல கணக்கு வழக்கெல்லாம் சேத்து வைக்கிற டேட்டாபேஸ்ல வர்ற லாக் பிரச்சனை பத்திப் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. ரேடியோவுல கோட் எழுதிக் காட்டவா முடியும், என்னத்தப் பேசுறதுன்னு வழியெல்லாம் யோசிச்சுட்டே வந்தேன், அப்பதான் எங்கப்பா வேலை பார்த்த பேங்க் ஞாபகம் வந்துச்சு.

கம்ப்யூட்டர் வராத காலம் அது. எல்லாக் கணக்கும் தடித்தடியா லெட்ஜர்லதான் இருக்கும். நீங்க பணம் எடுக்கப் போனா கிளார்க் அந்த லெட்ஜரத் தன் மேஜைக்கு எடுத்துக்குவாரு, அவர் எழுதி ஆபீசர் இனிஷியல் போடுற வரைக்கும் வேற யாரும் அதத் தொட முடியாது. "லெட்ஜர் அவர்ட்ட இருக்கு, செத்த உக்காருங்க"ம்பாங்க. அதாங்க லாக். இனிஷியல் போட்டுத் திருப்பி வச்சா கமிட். ஆரம்பிச்சதுலேர்ந்து கமிட் வரைக்கும் உள்ள மொத்த வேலைக்குப் பேரு ட்ரான்சாக்ஷன்.

இந்தக் கெடுபிடி எதுக்குன்னா, உங்க கணக்குல 5000 ரூபா இருக்குன்னு வைங்க, ரெண்டு கிளார்க் ஆளுக்கொரு துண்டுச் சீட்டுல 5000-னு குறிச்சுக்கிறாங்க, ஒருத்தர் 1000 கழிச்சு 4000-னு எழுதுறாரு, பின்னாடியே இன்னொருத்தர் 2000 கழிச்சு 3000-னு அதுக்கு மேல எழுதிடுறாரு. போனது 3000, கணக்குல கழிஞ்சது 2000 தான். பேங்குக்கு 1000 ரூபா நாமம். சிரிக்காதீங்க, இன்னிக்கும் நிறைய புரோகிராம் இதத்தான் பண்ணுது, இருப்பப் படிச்சு, கோட்ல கழிச்சு, விடையத் திருப்பி எழுதுறது. "இருக்கிறதுல 1000 கழி"ன்னு ஒரே அப்டேட்டா டேட்டாபேஸ்கிட்டயே சொல்லிட்டா முடிஞ்சது, இல்ல படிக்கும்போதே செலக்ட் ஃபார் அப்டேட்னு, அதாவது மாத்தப் போறேன்னு சொல்லியே கேட்டு லாக் வாங்கிக்கணும்.

சும்மா இருப்பு எவ்ளோன்னு பாக்க லெட்ஜர் தேவையில்ல, பாஸ்புக் போதும்ல? ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல்னு இருக்கிற டேட்டாபேஸ் மென்பொருள் எல்லாம் அப்படித்தான், மைஎஸ்கியூஎல்ல அதப் பாத்துக்கிற உள் பகுதிக்கு இன்னோடிபின்னு பேரு. ஒருத்தர் எழுதிட்டு இருக்கும்போது நீங்க சாதாரணமா படிச்சா, கடைசியா கமிட் ஆன பழைய பதிப்பக் காட்டும், காக்க வைக்காது. அதனால சண்டை பெரும்பாலும் எழுதுறவங்களுக்குள்ளதான்.

ஒரு தடவ நான் வேலை பார்த்த எடத்துல மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஆர்டர் எதுவும் சேவ் ஆகல. சரியா 50 செகண்ட் கழிச்சு, லாக்குக்காகக் காத்து டைம்அவுட்னு எர்ரர் வருது, மைஎஸ்கியூஎல்ல அந்த 50 தான் டிஃபால்ட். டேட்டாபேஸ்ல இப்ப யார் என்ன பண்றாங்கன்னு காட்டுற பிராசஸ் லிஸ்ட்டப் பார்த்தா, மாட்டிக்கிட்டு நிக்கிறதத் தவிர ஓடுற குவெரி, அதாவது கட்டளை, ஒண்ணுமே இல்ல. அப்புறம் திறந்து கெடக்குற ட்ரான்சாக்ஷன் லிஸ்ட்டப் பார்த்தா, அதுல ஒண்ணு மட்டும் முக்கா மணி நேரமா கெடக்கு, பக்கத்துல ஸ்லீப்னு, சும்மா தூங்குதுன்னு வேற போட்டிருக்கு. நம்ம டீம் தம்பி ஒருத்தர், பிகின் போட்டு ட்ரான்சாக்ஷனத் தொடங்கி, ஒரு அப்டேட் அடிச்சு, சரியா வந்துச்சான்னு பாத்துட்டு, கமிட் பண்ணாம சாப்பிடப் போயிட்டாரு. லெட்ஜர டிராயர்ல வச்சுப் பூட்டிட்டு டீ குடிக்கப் போன மாதிரி! அந்த செஷனக் கில் பண்ணதும் எல்லாம் கடகடன்னு ஓடிடுச்சு.

இன்னொரு விஷயம், அந்த டைம்அவுட்ல மைஎஸ்கியூஎல் கடைசிக் கட்டளைய மட்டும்தான் ரோல்பேக் பண்ணும், அதாவது இல்லைன்னு ஆக்கிப் பழையபடி வைக்கும், முன்னாடி எழுதினது அப்படியே நிக்கும், மொத்தமா ரோல்பேக் ஆயிடுச்சுன்னு நம்பி ஏமாந்தவங்க நிறைய.

சாப்பிடப் போற மனுஷனாவது கண்ணுல படுவாரு. ட்ரான்சாக்ஷனத் திறந்து, பொருள் எவ்ளோ ஸ்டாக் இருக்குன்னு எழுதின ரோவ, அதாவது டேபிள்ல அந்த வரிய லாக் பண்ணிட்டு, பணம் கட்டுறதப் பாத்துக்கிற பேமென்ட் கேட்வே பதிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கிற கோட் கண்ணுலயே படாது. கேட்வே அரை செகண்ட்ல பதில் சொல்ற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, ஒரு நாள் அது 20 செகண்ட் எடுக்கும், அன்னிக்கு அந்தப் பொருள வாங்க வந்த அத்தன பேரும் வரிசையில நிப்பாங்க. இது போக, புத்தகத்துப் பின்னாடி இருக்கிற அகராதி வரிசை மாதிரி சட்டுனு தேட உதவுற இண்டெக்ஸ் இல்லாத ஃபீல்ட வச்சு அப்டேட் பண்ணா, இன்னோடிபி டிஃபால்ட் செட்டிங்ல, தேடிப் போற வழியில பாத்த ரோ எல்லாத்தையும் பூட்டிட்டே போகும். ஒரு பக்கம் வேணும்னு போய் லெட்ஜரையே அள்ளிட்டு வர்றது.

இப்ப சேமிப்பு லெட்ஜர், கடன் லெட்ஜர் ரெண்டுலயும் எழுத வேண்டிய வேலைன்னு வைங்க. ஒண்ண எழுதித் திருப்பி வச்சுட்டு அப்புறம் இன்னொண்ண எடுக்கலாமேன்னு தோணும், ஆனா நடுவுல எட்டிப் பாக்கிறவருக்கு கணக்கு இடிக்கும். வேண்டிய லாக் எல்லாம் வாங்கி முடிக்கிற வரைக்கும் ஒண்ணையும் விடாத, விட ஆரம்பிச்சுட்டா புதுசா வாங்காதன்னு 1976-ல ஐபிஎம்ல இருந்த ஈஸ்வரன், ஜிம் கிரே, லோரி, ட்ரெய்கர் நாலு பேரும் எழுதி வச்சாங்க. கிரேக்கு 1998-ல, கம்ப்யூட்டர் துறையோட பெரிய விருதான டூரிங் விருது கெடைச்சுது. 2007-ல சான் பிரான்சிஸ்கோலேர்ந்து தனியா பாய்மரப் படகுல கடலுக்குப் போனவரு, திரும்பி வரவே இல்ல.

ஆனா இந்த விதியால டெட்லாக் வராம போகாது. ஒருத்தர்ட்ட சேமிப்பு இருக்கு, கடன் வேணும். இன்னொருத்தர்ட்ட கடன் இருக்கு, சேமிப்பு வேணும். ரெண்டு பேரும் உக்காந்தே இருப்பாங்க, அதான் டெட்லாக். போஸ்ட்கிரெஸ் ஒரு செகண்ட் காத்துப் பாத்துட்டு, இப்படி ஒருத்தருக்காக ஒருத்தர் நிக்கிறதக் கண்டுபிடிச்சா ஒருத்தரக் கழட்டி விட்டுரும். இதப் பாத்து பயப்பட வேணாம், கழட்டி விடப்பட்டவர் மறுபடி முதல்லேர்ந்து முயற்சி பண்ற மாதிரி கோட் இருந்தா போதும். தினமும் வந்தாதான் தொல்லை, அப்ப எல்லாரும் ஒரே வரிசையில, முதல்ல சேமிப்பு அப்புறம் கடன்னு, ஐடி சின்னதுலேர்ந்து பெருசுக்குன்னு எடுக்கணும்.

கடைசியா போஸ்ட்கிரெஸ்ல நானே பண்ணின கூத்து. டேபிள்ல புதுசா ஒரு காலம், அதாவது ஒரு நெடுவரிசை சேக்கணும், அதுக்கான ஆல்டர் டேபிள் கட்டளைய அடிச்சேன், கண் இமைக்கிற நேர வேலை. ஆனா அதுக்கு முழு லெட்ஜரும் வேணும், பைண்டிங் பண்ண வந்தவர் மாதிரி. யாரோ ஒரு பெரிய ரிப்போர்ட்ட ஓட விட்டிருக்காங்க, அது முடியட்டும்னு என் ஆல்டர் நிக்குது. எனக்குப் பின்னாடி வந்த சாதாரண செலக்ட் எல்லாம் எனக்காக நிக்குது! படிக்கிறவங்க கூட மாட்டிக்கிட்டாங்க, சைட்டே படுத்துடுச்சு. ஆல்டரக் கேன்சல் பண்ணிட்டு, லாக் டைம்அவுட் 2 செகண்ட் வச்சு, கிடைக்கலன்னா விலகிட்டு கொஞ்சம் கழிச்சுத் திரும்பக் கேக்குற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதி ராத்திரி ஓட விட்டேன். ஏழாவது தடவ லாக் கிடைச்சுது, வேலை முடிய ஒரு செகண்ட் கூட ஆகல.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டைம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க. வரேங்க, வணக்கம்.