பெயர் சொல்லி அழைத்தவர்

வணக்கத்துக்குரிய ஆயர் ஆண்டகை அவர்களே, பங்குத்தந்தையர்களே, அருட்சகோதரிகளே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவிலும் நேரத்துக்கே வந்து அமர்ந்திருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, கிராம உத்தியோகத்தர்களே, மூதூரிலிருந்து விடியவே பஸ் ஏறி வந்த மறைக்கல்வி ஆசிரியர்களே, பாலையூற்றுப் பங்கு மக்களே, எல்லோருக்கும் வணக்கம். மாலை போட்ட இளைஞர்களுக்கும் நன்றி.

இன்றைய தலைப்பு: இறைவனில் நம் அடையாளம். மூன்று விடயம் சொல்லவேண்டும்: அழைத்தவர் யார், அழைத்த பெயர் எது, அந்தப் பெயருக்குரிய உரிமைப் பங்கு என்ன.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை உங்களுக்குத் தெரியும். தொடக்க நூல் 27இல், அண்ணனுக்குரிய தகப்பனின் ஆசீரைத் தட்டிக்கொள்ள யாக்கோபு போட்டது சூடல்ல, தோல். அண்ணன் ஏசாவுக்கு உடம்பெல்லாம் மயிர்; தம்பி வழவழப்பு. கிழவர் ஈசாக்குக்குக் கண் மங்கல், தடவித்தான் பார்ப்பார். தாய் ரெபேக்கா இரண்டு வெள்ளாட்டுக் குட்டியைச் சமைத்து, தோலை மகனின் கையிலும் கழுத்திலும் சுற்றி, ஏசாவின் நல்ல உடுப்பையும் மாட்டி அனுப்பினா. 'யார் நீ?' என்றார் தகப்பன். 'ஏசா, உங்கள் தலைமகன்.' கிழவர் லேசுப்பட்டவரா? குரல் யாக்கோபின் குரல், கை ஏசாவின் கை என்றார். இருந்தும் ஆசீர் கிடைத்தது. பிறகென்ன, அண்ணனுக்குப் பயந்து ஓட்டம். மாமன் லாபான் வீட்டில் 20 வருடம். ஆள்மாறாட்டம் செய்தவருக்கு அங்கே பெண்ணையே மாற்றிக் கட்டிவைத்தார்கள்!

திரும்பும் வழியில், யாப்போக்கு ஆற்றடியில் இரவு முழுக்க இறைவனோடு மல்லுக்கட்டு. ஆசீர் தராமல் விடமாட்டேன் என்றார். 'உன் பெயர் என்ன?' என்ற கேள்வி வந்தது. இம்முறை 'யாக்கோபு' என்றார். இஸ்ரயேல் என்ற புதுப் பெயரும் ஆசீரும் அதன் பிறகுதான்.

கனடா மச்சானின் காரைப் பார்த்து இங்கே லீசிங்கில் கார் எடுக்கிறோம். புலியைப் பார்த்துப் பூனைதான்! யோர்தானில் இயேசுவை மகன் என்று தந்தை அழைத்தபோது (லூக்கா 3:22) இயேசு ஒரு புதுமையும் செய்திருக்கவில்லை. உழைத்துச் சம்பாதித்த பெயரல்ல அது. திருமுழுக்குப் பெற்றவர் கிறிஸ்துவை அணிந்தவர் என்கிறார் பவுல் (கலாத்தியர் 3:27). ஆட்டுத்தோலுக்கு மேலே அதை உடுக்கமுடியாது.

அந்தப் பெயருக்கு நம்மிடமுள்ள எழுத்துச் சாட்சி பங்கின் திருமுழுக்குப் பதிவேடு. இதைத்தான் நான் போகுமிடமெல்லாம் சொல்கிறேன். திருச்சபைச் சட்டம் 877இன்படி அதில் பிள்ளை, பெற்றோர், ஞானப்பெற்றோர், திருமுழுக்குக் கொடுத்தவர் ஆகியோரின் பெயர், இடம், திகதி, பிறந்த விபரம் எல்லாம் இருக்கவேண்டும். இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் தப்பிய ஏடுகளை இப்போது உப்புக்காற்றும் பூச்சியும் தின்கின்றன. கிழிந்த தாளுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகி எழுத்தையும் தூக்கிக்கொண்டு வரும். லமினேட்டிங் வேண்டவே வேண்டாம், சூட்டில் தாள் கெட்டால் மீட்கமுடியாது. ஏட்டை மேசையில் விரித்து, பிளாஷ் போடாமல், யன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஏட்டைக் கிட்டே வைத்து எழுதுவதென்றால் பென்சில் மட்டும்.

மூன்றாவதான உரிமைப் பங்கைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். வாசல் மேசையில் படிவம் இருக்கிறது. வீட்டு முதியவர்களைக் கேட்டு நிரப்புங்கள். பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துப்படியே இருக்கட்டும். கலியாணத்துக்குத் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்கும்போது ஓரெழுத்து மாறினாலும் அலைச்சல்தான். ஞானப்பெற்றோருக்கு வெறும் முதலெழுத்துப் போட்ட படிவத்தைத் திருப்பித் தந்துவிடுவோம்.