மண்டைக்குள் ஏறும் அழுத்தம்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டராக, தலையில் பலத்த அடிபட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

கடலூர் சாலையில் பைக் டேங்க் மேல் உட்கார்ந்து வந்த பிள்ளை, மொட்டை மாடியிலிருந்து விழுந்த பிள்ளை என்று வருவார்கள். கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது மூன்றுக்கும் மதிப்பெண் போடுவோம். 1974-இல் கிளாஸ்கோவில் உருவான அளவுகோல் இது. முழு மதிப்பெண் 15. எட்டு அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம்.

விழுந்தபோது பட்ட அடியை யாராலும் திருப்ப முடியாது. ஆனால் அடுத்த சில நாட்களில் மூளை வீங்கும். மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏற ஏற, ரத்தம் மேலே போக முடியாமல் திணறும். எங்கள் போராட்டமெல்லாம் இந்த இரண்டாவது பாதிப்போடுதான்.

அதற்காகத்தான் மண்டையில் சிறு துளையிட்டு, உள்ளழுத்தத்தை அளக்கும் மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே வைக்கிறோம். பெற்றோர் பதறிப்போவார்கள், எனக்குப் புரிகிறது. அந்தக் கம்பி காட்டும் எண் 20-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் உடனே சிகிச்சை தொடங்கும். சராசரி ரத்த அழுத்தம் 65, மண்டைக்குள் 25 என்றால், மூளைக்கு ரத்தம் தள்ள மிச்சம் 40தான். குழந்தைகளுக்கு அதற்கும் கீழே போகவே கூடாது.

சில சமயம் மருந்தே வேண்டாம். கழுத்து ஒருபக்கம் சாய்ந்திருந்தால் ரத்தம் தலையிலிருந்து இறங்க வழியில்லாமல் எண் ஏறும். நர்ஸ் தலையை நேராக்கி, இருபுறமும் துணிச் சுருளை அண்டக்கொடுத்ததும், மானிட்டரில் எண் படிப்படியாகக் குறைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்கும் அழுத்தம் இறங்காவிட்டால் அப்புறம் உப்புக் கரைசல் ஏற்றுவது, மூளைநீரை வடிப்பது என்று போவோம்.

இன்னொன்று வலிப்பு. மயக்க மருந்தில் இருக்கும் பிள்ளைக்குக் கைகால் அசையாமலே வலிப்பு ஓடலாம், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. வைத்தால்தான் தெரியும்.

கம்பி வைத்து அழுத்தம் பார்க்கும் வசதி எல்லா ஊரிலும் இல்லை. 2012-இல் வெளியான பொலிவியா, ஈக்வடார் ஆய்வில், 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம், கம்பி வைத்த சிகிச்சையைவிட ஸ்கேனும் நேரடிப் பரிசோதனையும் கொண்டு பார்த்த சிகிச்சை மோசமாகப் போகவில்லை. டார்ச் அடித்துக் கண்ணின் கருமணியைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் நர்ஸின் வேலை அவ்வளவு பெரியது.

வழியில் ஆக்சிஜன் குறைந்தாலும் ரத்த அழுத்தம் விழுந்தாலும் மூளை மேலும் கெடும். அதனால் நினைவில்லாத பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பைக்கில் பறக்காதீர்கள். தண்ணீர், சோடா எதுவும் வாயில் ஊற்றாமல், கழுத்தை அசைக்காமல், 108-ஐ அழையுங்கள்.