கண்ணுக்கு எட்டாத தெளிவுக்குக் காசு எதற்கு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மழை வந்துவிடுமோ என்று வானத்தையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் நாகர்கோவில் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். 'வீட்டில் படம் பார்க்கப் புதிய வடிவத்துக்கு மாறுவது பயனா, வீண் செலவா?' என்னும் தலைப்பில், வீண் செலவே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய சகோதரி, புளூ-ரே வட்டை விட, அதற்கு அடுத்த தலைமுறையான 4கே வட்டில் நான்கு மடங்கு தெளிவு இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். திரையில் படத்தை உருவாக்கும் புள்ளிகளின் கணக்கில் அவர் தவறவில்லை. அகலத்தில் 1920க்கு உயரத்தில் 1080 என்று இருந்தது 3840க்கு 2160 ஆகியிருக்கிறது. ஆனால் புள்ளிகளை எண்ணுவது இயந்திரம்; பார்ப்பது கண். குறையில்லாத கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்தால் அது ஏறத்தாழ 0.87 மில்லிமீட்டர். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் 43 அங்குலத் தொலைக்காட்சியின் (அது மூலைக்கு மூலை அளவு) அகலம் 95 சென்டிமீட்டர். அதை 1920 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளிக்கு அரை மில்லிமீட்டர்தான் வருகிறது. அதாவது, சுவரோரச் சோபாவில் சாய்ந்து பார்ப்பவருக்குப் பழைய புளூ-ரேயின் புள்ளியே கண்ணுக்கு எட்டாத அளவில் இருக்கும்போது, அந்த ஒரு புள்ளியை நான்காக நறுக்கிக் கொடுத்துவிட்டு அதற்குத் தனியாக விலை கேட்கிறார்கள்.

எந்த மாற்றமும் கூடாது என்பவன் அல்லன் நான். விசிடியிலிருந்து டிவிடிக்கு மாறியபோது நானும் மகிழ்ந்தேன். 352க்கு 288 என்று இருந்த படம் 720க்கு 576 ஆனது. முகத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது நின்றது. அதைவிடப் பெரிய நிம்மதி ஒன்று உண்டு. விசிடி ஒன்றில் ஏறத்தாழ 74 நிமிடப் படமே அடங்கும் என்பதால், சண்டை சூடுபிடிக்கும் நேரத்தில் யாராவது எழுந்துபோய் அடுத்த வட்டைப் போட வேண்டியிருந்தது. அந்த வேலை எப்போதும் வீட்டின் கடைக்குட்டியான என் தலையில்தான் விழுந்தது. அந்த மாற்றம் கண்ணுக்கும் தெரிந்தது, காலுக்கும் தெரிந்தது.

நிறம், வெளிச்சம் பற்றிச் சகோதரி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டும் எச்டிஆர் என்பது உண்மையிலேயே நல்ல தொழில்நுட்பம். ஆனால் அதைக் காட்டும் அளவுக்கு ஒளிரும் திரை வேண்டும். 4கே பிளேயர் வாங்கினால் 4கே தொலைக்காட்சி, அதற்கேற்ற எச்டிஎம்ஐ கம்பி, பழைய ஆம்ப்ளிஃபையர் ஒத்துவராவிட்டால் அதற்கும் ஒரு மாற்று என்று, கோவணத்தை எலி கடிக்கிறதே எனப் பூனை வளர்க்கப் போய்ச் சம்சாரியான சாமியாரின் கதையாக இது நீளும். இத்தனையும் வாங்கி வைத்துவிட்டுப் போடுவதற்குப் படம் தேடினால், நாம் விரும்பிப் பார்க்கும் பழைய தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை அந்த வட்டில் வந்ததே இல்லை.

இனி, எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். எங்கள் வீடு குளச்சலில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மாமா வளைகுடாவிலிருந்து அட்டைப்பெட்டியில் கயிறு கட்டிக் கொண்டுவந்த, கேசட் போட்டுப் பார்க்கும் விசிஆரில் தொடங்கி, நான் கடைசியாக வாங்கிய புளூ-ரே பிளேயர் வரை, எங்கள் அலமாரியில் நான்கு தலைமுறைக் கருவிகள் வரிசையாக இருக்கின்றன. ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி அடைமழையும் ஒருசேர வாய்த்த மாவட்டம் இது. கருவியின் பின்புறம் கம்பி செருகும் இடங்களில் களிம்பு ஏறியது. கேசட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்தால் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தது. அந்த அலமாரியைத் துடைக்கும் என் அம்மா, "மக்கா, அடுத்த பெட்டிய எங்க வைக்க?" என்று கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பூசணம் பிடித்த கேசட்டையே சகோதரி தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டக்கூடும் என்பதால் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். அக்காளின் கல்யாணக் கேசட்டைக் கணினிக் கோப்பாக மாற்றி இரண்டு இடங்களில் வைத்திருக்கிறேன். அது இருப்பதைக் காப்பாற்றும் வேலை. அந்தக் கேசட்டின் வி.எச்.எஸ். நாடாவில் பதியாத தெளிவை எந்த 4கே கருவியும் புதிதாகப் பெற்றுத் தராது. கடையில் கிடைக்கும் படத்தை மூன்றாவது முறையாக விலைகொடுத்து வாங்குவது வேறு கணக்கு. அதை வாங்கச் சொல்கிறவர்களாவது உடன் வருகிறார்களா என்று பார்த்தால், 4கே வட்டு சந்தைக்கு வந்தது 2016இல். பிளேயர் செய்வதை 2018இல் ஓப்போவும் 2024இல் எல்ஜியும் கைவிட்டன. விற்பவரே கடையைக் கட்டும் நேரத்தில் நாம் பையைத் தூக்கிக்கொண்டு போவானேன்?

நடுவர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தீர்ப்புக்கு முன், தையல்காரர் வைத்திருக்கும் டேப்பை வாங்கி, தாங்கள் வழக்கமாக அமரும் நாற்காலியிலிருந்து தொலைக்காட்சி வரை அளந்து பார்க்க வேண்டும். 43 அங்குலத் திரையில் அந்த அரை மில்லிமீட்டர்ப் புள்ளி கண்ணுக்கு எட்டத் தொடங்கும் 1.7 மீட்டருக்கும் குறைவாக அந்தத் தூரம் இருந்தால், சகோதரியின் பக்கமே தீர்ப்புச் சொல்லுங்கள். நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். நன்றி, வணக்கம்.