கொம்பில் கீறிய பெயர்

அன்புடையீர், வணக்கம்.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் பாடியதை அறிவீர்கள். இங்கே படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, நெய் பூசி, காவல் மனையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். அதைக் கேட்டே வளர்ந்த நமக்கு, அலங்கரித்த ஆயுதம் என்றாலே களம் காணாதது என்ற நினைப்பு. தொண்டைமானுக்கு அது சரி. எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்கு என் சாட்சி ஒரு மாட்டுக்கொம்பு.

வட அமெரிக்காவில் 1754 முதல் 1763 வரை பிரிட்டனும் பிரான்சும் மோதின. அந்தப் போரில் பிரிட்டிஷ் குடியேற்றப் பகுதிகளிலிருந்து போன வீரர்கள் பலர் துப்பாக்கிக்குப் போடும் கரிமருந்தை மாட்டுக்கொம்பில்தான் வைத்திருந்தார்கள். கொம்பு இலேசானது, ஈரத்தை உள்ளே விடாது, பொறி கிளப்பாது. அகன்ற பக்கத்தை மரக்கட்டையால் அடைத்து, நுனியில் துளையிட்டு அடைப்பான் செருகி, வார் கட்டித் தோளில் மாட்டிக்கொள்வார்கள். நன்றாகச் சுரண்டி மெலிதாக்கிய கொம்பை வெளிச்சத்தில் பிடித்தால், மருந்து எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.

போருக்குப் போனவனுக்குத் தினமும் சண்டை இல்லை. பெரும்பாலும் காத்திருப்புதான். நியூயார்க் பகுதியின் ஜார்ஜ் ஏரிக்கரை முகாம்களில் அப்படிக் காத்திருந்தபோது, கத்தி முனையால் கொம்பைக் கீறி, கீறலில் மையோ கரியோ தேய்த்தார்கள். கைதேர்ந்தவரிடம் கொடுத்துச் செய்துகொண்டவர்களும் உண்டு. கீறியவை கோட்டைகள், அங்கே ஓடும் ஹட்சன் ஆறு, கப்பல்கள். ‘இன்னார், அவர் கொம்பு’ என்று பெயர்; கூடவே ஆண்டு. சில கொம்புகளில் மருந்தே பேசும்: என் சகோதரன் குண்டோடு சேர்ந்து எல்லோரையும் வெல்வேன் என்று. எழுத்துப்பிழைகள் ஏராளம். எனக்கு அந்தப் பிழைகள்மேல் தனி அன்பு. பள்ளியை அதிகம் பார்க்காத கைகூட, தன் பெயர் மண்ணோடு போய்விடக் கூடாது என்று உழைத்திருக்கிறது.

அரண்மனைப் பொருள் வேறு கதை சொல்லும். 17ஆம் நூற்றாண்டு முகலாயர்களின் தந்த மருந்துக்குடுவைகளில் மான் தலை இருக்கும், ஒரு விலங்கின் வாயிலிருந்து இன்னொன்று பிதுங்கும். திப்பு சுல்தானின் துப்பாக்கிகளில் புலிமுகமும் புலிவரியும். அவ்வளவு அழகும் அதிகாரத்தின் முத்திரை. அந்த விலங்குகள் நினைவூட்டும் வேட்டையும் அங்கே ஆட்சியின் ஒரு பகுதிதான்.

மாட்டுக்கொம்பைத் திருப்பிப் பாருங்கள். உடம்பை ஒட்டித் தொங்கிய பக்கத்தில் நடந்து நடந்து உரசியே கோடுகள் தேய்ந்திருக்கும். ஆற்றின் பாதி அங்கே அழிந்துபோயிருக்கும்.