மிச்ச டேப்புல ஏறின பாட்டு: வேலூர் பட்டிமன்றத்துல நான் பேசினது

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணில உக்காந்திருக்குற அண்ணனுக்கும் அக்காவுக்கும், வேலை முடிச்சி வீட்டுக்குக்கூட போவாம நேரா இங்க வந்து உக்காந்திருக்குற நம்ம வேலூர் ஜனங்களுக்கும் வணக்கம்.

லேட்டா வந்தவங்களுக்காக தலைப்ப ஒருவாட்டி சொல்லிடறேன். பாட்டுக்குன்னே ஆன்லைன்ல சேர்ற கூட்டங்க இருக்குல்ல, வாட்ஸ்அப் குரூப்பு, ஃபேஸ்புக் குரூப்பு, டெலிகிராமு, யூடியூப்ல பாட்டுக்கு கீழ நடக்குற பேச்சு, இதெல்லாம் நம்ம ரசனைய வளக்குதா, இல்ல நம்மள மந்தையாக்குதா. வளக்குதுன்னு பேசறதுக்கு நான் வந்திருக்கேன். எனக்கு இந்தப் பக்கம்தான் வேணும்னு கேட்டு வாங்கிக்கினு வந்தேன் ஐயா.

எனக்கு முன்னாடி பேசின அக்கா ஒண்ணு சொன்னாங்க. அந்தக் காலத்துல மனுஷன் தானா கேட்டான், தானா புடிச்சிது, காசு குடுத்து வாங்கினான், இப்ப நாலு பேரு ஷேர் பண்ணாதான் கேக்குறான், நாப்பது லட்சம் வியூஸ் இருந்தாதான் அது நல்ல பாட்டுங்குறான்னு. நீங்களும் கை தட்டினீங்க. எனக்கு அந்த "தானா" மேலதான் சந்தேகம்.

குடியாத்தத்துல எங்க மாமா ரெக்கார்டிங் கடை வெச்சிருந்தாரு. லீவு விட்டா நான் அங்கதான் கெடப்பேன். ஜனங்க பாட்டு லிஸ்ட்ட ஒரு துண்டு பேப்பர்ல எழுதியாந்து குடுத்துட்டு போவாங்க, ரெண்டு நாள் கழிச்சி வந்து கேசட்ட வாங்கிக்குவாங்க. 60 கேசட்டுன்னா ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம் ஓடும். ஒரு பாட்டு நாலரை நிமிஷம்னா ஆறு பாட்டுக்கு 27 நிமிஷம், மிச்சம் மூணு நிமிஷம் டேப்பு சும்மா ஓடும். மாமாவுக்கு டேப்ப காலியா விடறது புடிக்காது, காசு குடுத்தவனுக்கு பண்ற துரோகம்னு சொல்லுவாரு. அதனால லிஸ்ட்லயே இல்லாத ஒரு சின்ன பாட்ட தேடி எடுத்து அந்த மூணு நிமிஷத்துல ஏத்தி விடுவாரு. அட்டைல மத்த பாட்டெல்லாம் பேனாவுல இருக்கும், அது மட்டும் பென்சில்ல இருக்கும். தீப்பெட்டி கம்பெனில வேலை பாத்த அண்ணன் ஒருத்தர் நாலு நாள் கழிச்சி வந்து நின்னாரு. "அந்த பென்சில் பாட்டு எந்தப் படம்ப்பா, அந்தப் படத்துல மத்தத எல்லாம் ஏத்திக்குடு"ன்னு கேட்டாரு. இன்னொரு கேசட்டு வாங்கினாரு.

இப்ப சொல்லுங்க அக்கா, அவரு தானாவா கேட்டாரு? மாமா கேக்க வெச்சாரு. எங்க நைனா காலத்துல இலங்கை வானொலி கேக்க வெச்சிது, கே.எஸ். ராஜா குரலும் பி.எச். அப்துல் ஹமீது குரலும் கேட்டு அந்தக் குரல் சொன்ன பாட்ட ஜனங்க தேடிப் போனாங்க. தனியா ஒரு ஆளு ஒரு ரூமுக்குள்ள உக்காந்து ரசனைய வளத்துக்கினான்னு எந்தக் காலத்துலயும் இல்ல. கூட ஒரு ஆளு இருந்தான், அவ்ளோதான். மாமா கடைக்கு ஷட்டர் விழுந்து ரொம்ப வருஷமாச்சு. அந்த பென்சில் பாட்ட இன்னைக்கு எனக்கு எழுதிக் குடுக்குறவங்க ஆன்லைன்லதான் இருக்குறாங்க.

அடுத்து எதிரணி அண்ணன் ஒரு ஆராய்ச்சிய எடுத்து வெச்சாரு. நல்ல ஆராய்ச்சிதான், நானும் அத படிச்சிருக்கேன். 2006-ல சயின்ஸ் பத்திரிகைல வந்தது, சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ்னு மூணு பேரு பண்ணது. யாருக்கும் தெரியாத பேண்டுகளோட 48 பாட்ட ஒரு வெப்சைட்ல போட்டு 14,341 பேர கேக்க வெச்சாங்க. ஒரு பகுதி ஆளுங்களுக்கு பாட்டு மட்டும் காட்டினாங்க. மத்தவங்கள எட்டு கூட்டமா பிரிச்சி, அவங்கவங்க கூட்டத்துல எந்தப் பாட்ட எத்தன பேரு டவுன்லோடு பண்ணாங்கங்குற நம்பரையும் பக்கத்துல காட்டினாங்க. நம்பர பாத்தவங்க ஏற்கெனவே ஓடுன பாட்டு பின்னாடியே ஓடுனாங்க. அதுலயும் எட்டு கூட்டத்துலயும் ஒரே பாட்டு ஜெயிக்கல. நம்பர் காட்டாம கேட்டவங்க கணக்குல 26-வது எடத்துல இருந்த பாட்டு ஒண்ணு, ஒரு கூட்டத்துல முதல் எடத்துக்கு வந்துது, இன்னொரு கூட்டத்துல 40-வதுக்கு போச்சு. அண்ணன் இதோட நிறுத்திட்டு, பாத்தீங்களா மந்தைன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு.

நான் அங்கேருந்து தொடங்கறேன் ஐயா. அந்த எட்டு கூட்டத்துல ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட ஒரு வார்த்தை பேசினானா? பேசல. பேச வழியே வெக்கல. பக்கத்துல ஒரு நம்பரு, அது மட்டும்தான். இந்தப் பாட்டுல இன்னா இருக்கு, எதுக்கு இத கேக்கணும், இதுல எனக்கு புடிக்காதது இன்னான்னு சொல்றதுக்கு ஒரு ஆளு இல்ல. அத நீங்க கூட்டம்ங்குறீங்க, நான் அத கணக்குங்குறேன். நம்மள மந்தையாக்குறது அந்தக் கணக்குதான், அதுல எனக்கும் அண்ணனுக்கும் சண்டையே இல்ல. 1,000 பேரு கேட்டாங்கன்னு சொல்றது வேற, "2 நிமிஷம் 10 செகண்டுல பின்னாடி வர்ற வயலின மட்டும் கேளு, பாடுறவருக்கு பதில் சொல்லிக்கினே போவுது"ன்னு ஒருத்தன் ராத்திரி பதினோரு மணிக்கு டைப் பண்ணி அனுப்பறது வேற. நம்பர் வந்தா நான் பின்னாடி போவேன். அவன் அனுப்பினா நான் காத தீட்டிக்கினு கேப்பேன், சில நேரம் இல்லடான்னு சண்டையும் போடுவேன்.

ஆப்புங்க பண்றதும் பெரும்பாலும் கணக்குதான். ஸ்பாட்டிஃபை 2015-லேருந்து வாராவாரம் திங்கக்கிழமை புதுசா ஒரு பாட்டு லிஸ்ட் போட்டு குடுக்குது, இந்தியாவுக்கு 2019-ல வந்துது. நீ கேட்ட பாட்ட கேட்டவங்க வேற இன்னா கேட்டாங்கன்னு பாத்து அத உன்கிட்ட தள்றது, அதுல முக்கியமான வேலை அதான். வேணாம்னு நான் சொல்லல. ஆனா அங்க மூஞ்சியில்ல. அதே ஸ்பாட்டிஃபைல 2024-லேருந்து ஒரு பாட்டு பன்னெண்டு மாசத்துல 1,000 தடவையாவது ஓடலன்னா ரெக்கார்டிங்குக்கு ராயல்டி கெடையாது. நம்ம பக்கத்து பம்பைக்காரரு ஒருத்தரு பாட்டு போட்டு 900 தடவ ஓடினா இன்னா கெடைக்கும், ஒண்ணும் கெடைக்காது. கணக்கு அவர அப்படியே தாண்டி போயிடுது, அந்த 900-ல ஒருத்தன் குரூப்புல எடுத்துப் போட்டாதான் அவரு பேரே வெளிய தெரியுது.

இன்னொண்ணையும் ஒத்துக்கறேன். ரசிகர் மன்றங்க ஸ்ட்ரீமிங் பார்ட்டின்னு வெச்சி, போன மியூட்ல போட்டுட்டு ராத்திரி பூரா ஒரே பாட்ட ஓட விடறாங்க. எங்க தெரு பசங்களே பண்றாங்க. எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு, பாட்ட ஓட விட்டுட்டு காது குடுக்காம தூங்கறதுக்கு ஒரு கூட்டமா? ஆனா அவங்க தொரத்தறது எத? அதே நம்பரதான்.

சரி, வாங்கறதுக்கு வருவோம். ஓசில கேட்டு பழகினவன் காசு குடுத்து வாங்கவே மாட்டான்னு அண்ணன் அடிச்சி சொன்னாரு. அமெரிக்காவுல 2022-ல எல்பி ரெக்கார்டு, அதான் பெரிய இசைத்தட்டு, 4 கோடியே 10 லட்சம் வித்துது, சிடி 3 கோடியே 30 லட்சம்தான். 1987-க்கு அப்புறம் மொதவாட்டியா எண்ணிக்கைல எல்பி சிடிய தாண்டினது அந்த வருஷம்தான். எல்லாம் ஆன்லைன் குரூப்பாலதான்னு நான் சொல்ல மாட்டேன், காரணம் நெறைய இருக்கு. ஆனா போன்ல எல்லாமே கெடைக்கிற காலத்துல ஜனங்க காசு குடுத்து தட்டு வாங்குறாங்கங்குறது கண்ணு முன்னாடி இருக்கு.

நானே வாங்கறேன். எண்பதுகள்ல வந்த ஒரு எல்பிக்கு ரொம்ப நாளா அலைஞ்சேன். ஒரு வியாபாரி ஒரிஜினல்னு சொல்லி நல்ல வெலை கேட்டாரு, போட்டோவும் அனுப்பினாரு, நான் பணத்த அனுப்பறதுக்கு ரெடியாயிட்டேன். அதுக்கு முன்னாடி குரூப்புல போட்டோவ போட்டேன். ஒரு பெரியவரு, நான் நேர்ல பாத்ததே இல்ல, "தம்பி, லேபிள பாக்காத, பாட்டு முடியிற எடத்துக்கும் லேபிளுக்கும் நடுவுல வழவழன்னு ஒரு வளையம் இருக்கும், அதுல பொடி எழுத்துல ஒரு நம்பர் வெட்டியிருக்கும், அத போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு"ன்னாரு. அனுப்பச் சொன்னேன், வந்துது. டிஸ்காக்ஸ்னு ஒரு சைட் இருக்கு, 2000-ல ஆரம்பிச்சது, எந்த ரெக்கார்டு எப்ப எங்க அச்சடிச்சாங்கன்னு ரசிகர்களே ஒண்ணு ஒண்ணா ஏத்தி வெச்சிருக்காங்க. அதோட ஒப்பிட்டு பாத்தா நம்பர் வேற, அது பின்னாடி அச்சடிச்சது. வாங்கல. ரெண்டு மாசம் கழிச்சி அதே பெரியவரு சொன்ன எடத்துல ஒரிஜினல் கெடைச்சிது, கீறல் கொஞ்சம் இருக்கு, ஆனா வெலை பாதிதான். மந்தையா இருந்தா மொதல் ஆளுகிட்டயே வாங்கியிருப்பேன் ஐயா. அந்தக் கூட்டம் என்ன வாங்க விடாம நிறுத்துச்சு.

பேண்ட்கேம்ப்புன்னு ஒண்ணு இருக்கு, 2008-லேருந்து, பாடுனவங்ககிட்டயே நேரா பாட்ட வாங்கலாம். டிஜிட்டல் பாட்டுக்கு கம்பெனி 15 சதவீதம் புடிக்கும். கொரோனா வந்தப்ப 2020 மார்ச் 20-ம் தேதி வெள்ளிக்கிழமை எங்க பங்கு வேணாம்னு விட்டாங்க, அப்புறம் எத்தனையோ வெள்ளிக்கிழமை அதே மாதிரி விட்டாங்க. அப்ப குரூப்புக்கு குரூப்பு ஒரே பேச்சு, இன்னைக்கு வாங்கு, பாடுனவனுக்கு பூரா போவும், நான் இத வாங்கினேன், நீ இத வாங்குன்னு.

இப்ப நம்ம ஊருக்கு வரேன், நான் பேச வந்ததே இதுக்குத்தான். 1989-ல ஜில்லாவ பிரிக்கிறதுக்கு முன்னாடி இதெல்லாம் ஒரே வட ஆற்காடு, செய்யாறு பக்கம் இருக்குற புரிசையும் நம்மளோடதான். தெருக்கூத்துக்கு உசுரு குடுத்த மண்ணு. திரௌபதி அம்மன் கோயில்ல அக்னி வசந்தம் நடந்தா பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரில விடிய விடிய நாடகம், கடைசில துரியோதனன் படுகளம், சாயந்திரம் தீமிதி. ஆற்காடு பக்கம் எங்க அம்மா ஊர்லயும் அப்படித்தான். பல வருஷமா ஒரே ஜமாதான், அதான் கூத்து ஆடுற குழு, வந்துகினு இருந்துது, தெரிஞ்சவங்க, வெலையும் கம்மி, அதனால யாரும் வேற பக்கம் பாக்கல. அவங்ககிட்ட ஆர்மோனியம் இருந்துது, முகவீணை இல்ல. முகவீணைய இப்ப உள்ள புள்ளைங்க பாத்திருக்க மாட்டாங்க, நாதஸ்வரம் மாதிரி, ஆனா முழங்கை நீளம்கூட இருக்காது, சத்தம் மட்டும் ஊர் எல்லைக்கு கேக்கும். வாசிக்க ஆளுங்க கொறைஞ்சிகினே போறாங்க.

எங்க பக்கத்து பசங்க கூத்துக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப்பு வெச்சிருக்காங்க. எந்த ஊர்ல இன்னைக்கு நாடகம், யாரு கர்ணன் வேஷம், வேஷக்காரரு வரும்போது திரைக்கு பின்னாடி பாடுற திரை விருத்தத்த எந்த வாத்தியாரு நல்லா பாடுறாரு, எல்லாம் அதுல ஓடும். போன வருஷம் ஒரு பையன் செய்யாறு பக்கம் நடந்த கர்ண மோட்சத்த போன்ல எடுத்துப் போட்டான். வீடியோ ஆடுது, வெளிச்சம் பத்தல, நடுவுல ஒரு கொழந்த அழுவுது, யூடியூப்ல எத்தன பேரு பாத்திருக்காங்கன்னு பாத்தா 212. கணக்குபடி பாத்தா அது செத்த வீடியோ. ஆனா அதுல கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவிகிட்ட விடை வாங்கிட்டு திரும்பும்போது முகவீணை ஒண்ணு தனியா எழும்பும். பாட்டு நின்னுடும், மத்தளம் அடங்கிடும், அது மட்டும் போவும். அத கேட்டு குரூப்புல மூணு நாளைக்கு வேற பேச்சே இல்ல. ஒரு பெருசு வாய்ஸ் நோட்டு போட்டாரு, "எங்கப்பன் காலத்துல இப்படித்தான்டா, இதுக்கு வாசிச்சா பொம்பளைங்க பாயில உக்காந்து அழுவாங்க"ன்னு. இன்னொருத்தரு அதெல்லாம் இல்ல, ஆர்மோனியம் இருந்தாதான் பாட்டு நிக்கும்னு சண்டைக்கு வந்தாரு. அவருக்கு பதில் சொல்றதுக்காகவே பசங்க தேடித் தேடி பழைய வீடியோவா எடுத்துப் போட்டாங்க.

மாசி கடைசில விழாக்குழு கோயில் மண்டபத்துல உக்காந்துது. நானும் இருந்தேன். பழைய ஜமாவுக்கே தாம்பூலம் வெச்சிடலாம்னு பேச்சு முடியிற நேரம், என் சித்தி பையன் போன எடுத்து தலைவரு கைல குடுத்தான். எழுபது வயசு அவருக்கு, காதுல வெச்சி கேட்டாரு, திரும்ப ஒருவாட்டி கேட்டாரு, பக்கத்துல இருந்தவருக்கு குடுத்தாரு. போன் சுத்தி வந்துது. செய்யாறு ஜமா ராத்திரிக்கு கேட்டது பழைய ஜமாவ விட அதிகம், வீட்டுக்கு நூறு ரூபா வரி ஏத்தினாதான் கட்டும். ஏத்தினாங்க ஐயா, ஒரு வீடுகூட மாட்டேன்னு சொல்லல.

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சிடறேன். அச்சாரம் குடுக்க நானும் சித்தி பையனும்தான் பைக்ல போனோம். கெளம்பும்போது தலைவரு வாசல் வரைக்கும் வந்தாரு, பணத்த எண்ணிக் குடுத்தாரு, வாத்தியார்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வாங்கடான்னாரு. வேஷம் யாரு கட்டினாலும் சரி, முகவீணை இல்லாம ஊருக்குள்ள வரக்கூடாது.

நன்றி, வணக்கம்.